ஒரே கூடாரத்தில் வளர்ப்பும் உலர்த்தலும் ஏன் ஒத்துப்போவதில்லை?

வீட்டுக்குள் க்ரோ டென்ட் (விளக்கு வைத்துச் செடி வளர்க்கும் கூடாரம்) வைத்து மூலிகை வளர்ப்பவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். உள்ளே நான்கு தொட்டியில் புதினா, இரண்டு தொட்டியில் துளசி. புதினா மொட்டு விடும் பருவத்துக்கு வந்துவிட்டது. இப்போது அறுத்தால்தான் மணம் நிறைவாக இருக்கும். துளசியோ இன்னும் சில வாரம் வளர வேண்டும். அறுத்த புதினாவை எங்கே காயவைப்பது? கூடாரத்தின் மேலே கம்பி இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, உள்ளே வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. அங்கேயே கட்டித் தொங்கவிட்டால் போதாதா?

தொங்கவிடலாம். வாடும், சுருங்கும், பார்க்கக் காய்ந்தது போலவும் ஆகும். ஆனால் டப்பாவில் போட்டு மாதக்கணக்கில் வைக்கிற அளவுக்குக் காயாது. ஒரு வாரம் ஆனாலும் சரி, ஒரு மாதம் ஆனாலும் சரி. பொறுமை இருந்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அங்கேதான் சிக்கல். இதில் நாள் கணக்கு உதவாது. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், எங்கே எப்படி உலர்த்துவது என்பதை அவரவர் வீட்டுக்கு ஏற்ப அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில், கூடாரத்தைப் பார்த்தே இராதவர்களுக்காக இரண்டு வரி. இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் கனமான துணி போர்த்திய ஒரு பெட்டி அது. உள்பக்கம் வெள்ளி போல மினுக்கும், வெளிச்சம் வீணாகாமல் இருப்பதற்காக. முன்னால் ஜிப், மேலே எல்இடி விளக்கு, காற்றை வெளியே இழுக்க ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், கீழே காற்று உள்ளே வர ஓட்டை. நம் ஊர் மாடித் தோட்டக்காரருக்கு இது தேவையில்லை. குளிர்நாடுகளில் அபார்ட்மென்டில் இருப்பவர்கள் பனிக்காலத்தில் கறிவேப்பிலையையும் துளசியையும் காப்பாற்ற இதைத்தான் நம்புகிறார்கள். இந்தக் கூடாரங்கள் பரவலானதில் கஞ்சா வளர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறைக்க ஒன்றுமில்லை. இங்கே நான் பேசுவது சமையலுக்கும் கஷாயத்துக்கும் போகிற இலைகளைப் பற்றி.

இலை எதுவரை காயும்?

மழைக்காலத்தில் பொரித்த அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தால் நமுத்துப் போயிருக்கும். அதன் மேல் யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. காற்றில் இருந்த ஈரத்தை அப்பளம் இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். காய்ந்த இலையும் அப்படியே. சுற்றியுள்ள காற்று தன்னைவிட வறண்டிருந்தால் ஈரத்தை விடும், தன்னைவிட ஈரமாக இருந்தால் உறிஞ்சும். இரண்டும் ஒரு சமநிலைக்கு வந்ததும் நின்றுவிடும். அதற்கப்புறம் எத்தனை நாள் தொங்கவிட்டாலும் இலையில் மாற்றம் வராது.

ஆக, இலை எவ்வளவு காயும் என்பதைத் தீர்மானிப்பது அதைச் சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். வானிலை அறிக்கையில் சொல்லும் அதே எண்தான்.

இனி பூசணத்தின் பக்கம் வருவோம். ஒரு பொருளைச் சுற்றியுள்ள காற்றோடு அது சமநிலைக்கு வந்தபின் அந்தக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அதில் பூசணமோ பாக்டீரியாவோ பெருக முடியாது. 65-ஐத் தாண்டினால் வறட்சி தாங்கும் சில பூசணங்கள் மெதுவாகத் தலைகாட்டும். எண்பதுக்கு மேல் போனால் பெரும்பாலானவற்றுக்குக் கொண்டாட்டம். எனவே டப்பாவில் போடுகிற இலைக்கு 60 என்பது கடைசி எல்லை, 55 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நிம்மதி.

செடிகள் விரும்புவதோ வேறு. துளசி, புதினா, பேசில் (திருநீற்றுப்பச்சை) போன்ற மென்மையான இலைச் செடிகளுக்குக் கூடாரத்தில் வழக்கமாக 60 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் வைப்பார்கள். நாற்றுகளும் பதியன்களும் இருந்தால் இன்னும் கூட. 68 சதவீதக் காற்றில் தொங்கும் புதினா, 68 என்ற இடத்தில் வந்து நின்றுவிடும். பூசணத்தின் எல்லைக்கு உள்ளே நிரந்தரமாகக் குடியிருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் காய்ந்தது போலத்தான் தோன்றும். ஏமாற்றுவதே அதுதான்.

உள்ளே இருக்கும் காற்று ஏன் வறளாது?

சரி, ஈரப்பதத்தைக் குறைத்துவிட்டால்? இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கும் அதிகமானதைச் செடி தன் உடம்பில் வைத்துக்கொள்வதில்லை. இலைத்துளைகள் வழியாக நீராவியாக வெளியே விட்டுவிடுகிறது. நீங்கள் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால், தொட்டிக்குக் கீழே வடிந்தது போக மீதி கிட்டத்தட்ட எல்லாமே கூடாரத்துக் காற்றுக்குள்தான் வருகிறது. கொஞ்சம் மண்ணிலிருந்து, பெரும்பகுதி இலையிலிருந்து.

120 சென்டிமீட்டர் அகலம், 120 நீளம், 200 உயரம் கொண்ட கூடாரம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று 2.88 கன மீட்டர். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். கூடாரத்தில் ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கிறது, அதை 65 ஆக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? வெறும் 10 கிராம். இரண்டு தேக்கரண்டி. நாளைக்கு ஒரு லிட்டர் என்றால் மணிக்கு 40 கிராமுக்குச் சற்று மேல். ஃபேனை நிறுத்திவிட்டு ஜிப்பை மூடினால் கால் மணி நேரத்தில் செடிகள் அந்த 10 கிராமை வெளியே விட்டுவிடும். விளக்கு எரியும் நேரத்தில் இன்னும் வேகமாக.

இப்போது எதிர்ப்பக்கக் கணக்கு. அரைக்கிலோ பச்சைப் புதினாவைத் தொங்கவிடுகிறீர்கள். அதில் சுமார் 85 சதவீதம் தண்ணீர், உலர்பொருள் 75 கிராம்தான். நன்றாகக் காய்ந்தபின் 83 கிராம் அளவுக்கு நிற்கும், மீதி 417 கிராம் காற்றில் போயிருக்கும். ஒரு வாரம் பிடித்தது என்றால் சராசரியாக நாளைக்கு 60 கிராம். பக்கத்திலேயே வளரும் செடிகள் விடுவது நாளைக்கு 1,000 கிராம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பொதுவான தவறான எண்ணம் உடையும். காயும் புதினாக் கட்டு ஈரத்தை விட்டு உயிரோடு இருக்கும் செடிகளைக் கெடுத்துவிடும் என்றுதான் பெரும்பாலோர் பயப்படுகிறார்கள். நடப்பது நேர்மாறு. உயிருள்ள செடிகள்தான் காய வேண்டியதைக் காயவிடாமல் செய்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் காற்றை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓட்டுவது என்று பார்க்கும்போது இது தேவைப்படும்.

எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் விட்டால் கூடாரத்துக் காற்றை அறைக் காற்றுக்கு அருகே கொண்டுவர முடியும், உண்மைதான். அறை வறண்டிருந்தால் உள்ளே 45 சதவீதம்கூட வரும். ஆனால் அந்தக் காற்று அறுத்த புதினாக் கட்டை மட்டும் பார்த்து உலர்த்தாது. வேர் உள்ள செடியிடமிருந்தும் அதே வேகத்தில் நீரை இழுக்கும். வளர்ந்த செடி இரண்டு மடங்கு குடித்துச் சமாளித்துவிடும். நாற்று சமாளிக்காது, இலை விளிம்பு கருகும். வெப்பமும் வறட்சியும் சேர்ந்த இடம் செம்பேனுக்கு ரொம்பப் பிடித்த இடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலையின் அடியில் பொடிப்பொடியாக ஊறும், மெல்லிய வலை பின்னும், ஒரு முறை வந்தால் விரட்டுவது பெரும்பாடு.

விளக்கு அணைந்த பிறகு

பகலில் ஈரப்பதம் காட்டும் மீட்டரைப் பார்த்து 60 என்று திருப்திப்படுகிறவர்கள் கவனிக்காத நேரம் இது. விளக்கு எரியும்போது கூடாரம் 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். அப்படியென்றால் ஒரு கன மீட்டரில் 13.8 கிராம் நீராவி இருக்கிறது. விளக்கு அணைகிறது. உள்ளே 18 டிகிரிக்கு இறங்குகிறது. 18 டிகிரிக் காற்று தாங்குவதே 15.4 கிராம்தான். ஒரு சொட்டுத் தண்ணீரும் புதிதாகச் சேரவில்லை, ஆனால் ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதத்துக்குத் தாவிவிட்டது.

பகல் முழுக்கக் காய்ந்த இலை ராத்திரி முழுக்க ஈரத்தைத் திரும்பக் குடிக்கிறது. இருட்டில் செடிகள் நீராவி விடுவது குறையும், ஆனாலும் ஈரமான மண் விட்டுக்கொண்டேதான் இருக்கும். நெருக்கமாகக் கட்டிய கட்டின் நடுவில் காற்றே புகாது, அங்கே ஈரம் தங்கிவிடும். சாம்பல் பூசணம் என்று சொல்லும் போட்ரைட்டிஸ் காத்திருப்பது இந்தக் குளிர்ந்த, ஈரமான, அசையாத இடத்துக்குத்தான். வெளியிலிருந்து பார்த்தால் கட்டு பச்சையாக அழகாக இருக்கும். பிரித்தால் நடுக்காம்பில் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியிருக்கும்.

காலையில் விளக்கு எரிவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் மீட்டராக வாங்கினால் இன்னும் நல்லது. உலர்த்தலைப் பொறுத்தவரை அந்த அதிகபட்ச எண்தான் நிஜம்.

ஈரம் தவிர மற்றவை

வெளிச்சம். நம் ஊரில் மூலிகையை நிழலில் உலர்த்தச் சொல்வது சும்மா இல்லை. அறுத்த இலையில் பச்சையம் புதிதாக உருவாகாது, இருப்பதை வெளிச்சம் சிதைத்துக்கொண்டே போகும். மூலிகைகளுக்குக் கூடாரத்தில் தினமும் 14, 16 மணி நேரம் விளக்கு எரியும். விளக்குக்குப் பக்கத்தில் தொங்கும் புதினா சில நாட்களில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். மணமும் போகும், ஏனென்றால் புதினாவின் மண எண்ணெயும், துளசியின் யூஜினால், கற்பூரவள்ளியின் கார்வக்ரால் போன்ற மணப்பொருட்களும் இருப்பது இலையின் மேற்பரப்பில் இருக்கும் மிக நுண்ணிய சுரப்பிகளில். தோலுக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய்ப் பைகள் அவை. கசக்கினால் உடையும், சூட்டில் ஆவியாகும். 35 டிகிரியைத் தாண்டாமல் உலர்த்துவது நல்லது என்பதற்குக் காரணமும் இதுதான். விளக்குக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் எத்தனை டிகிரி இருக்கிறது என்று ஒரு முறை அளந்து பாருங்கள், கூடாரத்தின் நடுவில் காட்டும் எண்ணோடு அது ஒத்துப்போகாது.

அப்புறம் தெளிப்பு. வளரும் செடிக்குப் பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் தெளிப்பீர்கள். மேலே டீக்காகக் காயும் இலை மேலும் அது படியும். உயிர்ச்செடியில் படிந்ததைக் கழுவிவிடலாம், காய்ந்த இலையைக் கழுவ முடியாது. அந்தக் கசப்பை அப்படியே குடிக்க வேண்டியதுதான்.

பூச்சிகளின் பயணம் மறுதிசையில். அறுத்த செடியில் அசுவினியோ செம்பேனோ இருந்தால், செடி வாட வாட அவை வேறு இடம் தேடும். கீழேயே பசுமையாக ஒரு துளசி நிற்கும்போது அவை ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

சரி, வேறு எங்கே?

இதற்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. கூடாரத்துக்கு வெளியே உள்ள அறையின் காற்று எப்படி என்பதைப் பொறுத்தது.

டொரன்டோவில் ஜனவரி மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 0 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். 80 என்றதும் ஈரமான காற்று என்று தோன்றும். ஆனால் 0 டிகிரிக் காற்று முழுக்க நிறைந்தாலே 4.8 கிராம்தான் தாங்கும், அதில் 80 சதவீதம் 3.9 கிராம். அதே காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரால் 21 டிகிரிக்குச் சூடாகும்போது ஒப்பு ஈரப்பதம் சுமார் 20 சதவீதம் ஆகிவிடுகிறது. சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து கொஞ்சம் ஏறும், அவ்வளவே. உதடு வெடிப்பதும் கதவுப் பிடியைத் தொட்டால் ஷாக் அடிப்பதும் இந்த வறட்சியால்தான். இப்படிப்பட்ட வீட்டில் இலையை உலர்த்தக் கிடைக்கும் மிகச் சிறந்த இடம் அறையேதான், மிக மோசமான இடம் கூடாரம். கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து புதினாக் கட்டை எடுத்து வெளியே ஒரு துணி அலமாரிக்குள் மாட்டினால் வேலை முடிந்தது. அலமாரிக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். இருட்டும் கிடைக்கும், காற்றும் கிடைக்கும். இவ்வளவு சுலபமான விஷயத்துக்குப் பலர் தனியாக டிஹ்யூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தைக் குறைக்கும் கருவி) வாங்குவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சென்னையிலோ கொழும்பிலோ கதை வேறு. கடலோர ஊரில் அறைக் காற்றே பல மாதங்கள் 70 சதவீதத்தைச் சுற்றி நிற்கும். கூடாரத்துக்கு வெளியே எடுத்தாலும் இலை 70-இல் நின்றுவிடும். அங்கே ஏசி ஓடும் அறை உதவும். ஏசி குளிர்விக்கும்போதே காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்து வெளியே சொட்டவிடுகிறது, பின்பக்கக் குழாயில் வடிவது அந்தத் தண்ணீர்தான். ஏசி வசதி இல்லையென்றால் கடைசிக் கட்டத்துக்குக் குறைந்த சூட்டு டிஹைட்ரேட்டர் (சூடான காற்றால் உலர்த்தும் சிறு மின்பெட்டி) வேண்டும். 25 டிகிரியில் 70 சதவீதமாக இருக்கும் காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் 40-க்கு இறங்கிவிடும். காற்றிலிருந்து ஒரு துளி நீரையும் எடுக்காமலேயே அது வறண்ட காற்றாக வேலை செய்யும். டிஹைட்ரேட்டரின் ரகசியம் முழுக்க இதுதான், ராத்திரியில் கூடாரத்துக்குள் நடந்ததன் தலைகீழ்.

தனிப் பெட்டி, காற்றின் திசை

வீட்டில் இடமில்லை, வாசனை அறை முழுக்கப் பரவுவதும் பிடிக்கவில்லை என்றால் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய உலர்பெட்டி வைக்கலாம். பெரிய அட்டைப்பெட்டியே போதும். வாங்கத் தயார் என்றால் 60 சென்டிமீட்டர் சதுரத்தில் சின்னக் கூடாரங்கள் கிடைக்கின்றன. நடுவில் தடுப்பு வைத்து இரண்டு அறையாகப் பிரித்த கூடாரங்களும் உண்டு. தடுப்பு இருந்தால் மட்டும் போதாது, இரண்டு அறைக்கும் காற்று எந்த வழியாக வருகிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

இங்கேதான் அந்த 60 கிராம், 1,000 கிராம் கணக்கு கைகொடுக்கிறது. காற்று முதலில் உலர்பெட்டிக்குள் வரட்டும், அங்கிருந்து வளரும் கூடாரத்துக்குப் போகட்டும், கூடாரத்தின் எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறட்டும். கூடாரத்தின் கீழே காற்று நுழையும் ஓட்டையை ஒரு குழாயால் பெட்டியோடு இணைத்தால் போதும், தனி ஃபேன்கூட வேண்டாம். கூடாரத்து எக்ஸாஸ்ட் இழுக்கும் இழுப்பில் அறைக் காற்று பெட்டி வழியாக மெதுவாக வரும். காயும் இலை விடும் ஈரம் கொஞ்சம்தான், அதனால் செடிகளுக்குப் பாதிப்பில்லை. கரி ஃபில்டர் மாட்டியிருந்தால் வாசனையும் அதிலேயே அடங்கிவிடும்.

திசையை மாற்றிவிட்டால் எல்லாம் கெட்டது. கூடாரத்திலிருந்து வெளியேறும் காற்று சூடாக இருக்கிறதே, அதை வீணாக்குவானேன், பெட்டிக்குள் விட்டுக் காயவைப்போம் என்று தோன்றும். புத்திசாலித்தனமாகத்தான் தெரியும். ஆனால் அது செடிகள் விட்ட ஒரு லிட்டர் தண்ணீரையும் சுமந்துகொண்டு வருகிற காற்று. குளிர்ந்த பெட்டிக்குள் நுழைந்ததும் ஈரப்பதம் இன்னும் ஏறும், சுவரில் வியர்க்கவும் செய்யும்.

பெட்டியிலிருந்து கூடாரத்துக்குப் போகும் வாயில் ஒரு பழைய மஸ்லின் துணியைக் கட்டுங்கள். காய்ந்த இலைத்துகளும் பூச்சியும் செடிகள் பக்கம் போகாமல் இருக்கும். பூசணம் பிடித்த கட்டைக் கண்டால் துணியை நம்பாமல் அந்தக் கட்டையே வெளியே எடுத்துவிடுங்கள்.

கட்டும் விதத்தில் ஒரு சின்ன விஷயம். நூலால் இறுக்கிக் கட்டினால் இரண்டு மூன்று நாளில் காம்பு சுருங்கி, கட்டு தளர்ந்து, புதினா ஒவ்வொன்றாக உருவிக் கீழே விழும். ரப்பர் பேண்ட் போட்டால் காம்போடு சேர்ந்து அதுவும் சுருங்கிக்கொள்ளும். ஒரு கட்டுக்கு ஐந்தாறு காம்புக்கு மேல் வேண்டாம். கற்பூரவள்ளியைக் கட்டித் தொங்கவிடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அந்தச் சதைப்பற்றான இலை தொங்கியபடியே அழுகும். இலை இலையாகக் கிள்ளி வலைத்தட்டில் பரப்ப வேண்டும். கறிவேப்பிலை இதற்கு நேரெதிர், யார் எப்படிப் போட்டாலும் காய்ந்துவிடும் சமத்துப்பிள்ளை.

வேறு வழியே இல்லையென்றால்

ஒரே அறை, ஒரே கூடாரம், வீட்டுக்காரருக்கு வாசனை ஆகாது என்ற நிலை சிலருக்கு உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, கூடாரத்தை முழு உலர்த்தலுக்கு நம்பாமல் பாதி வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். 60 சதவீதக் காற்றில்கூடப் பச்சை இலை தன் ஈரத்தில் பெரும்பகுதியை விட்டுவிடும். கடைசியில் கொஞ்சம்தான் அங்கே போகாது. அந்தக் கடைசிக் கொஞ்சத்தை வெளியே எடுத்து முடியுங்கள்.

கட்டுகளை விளக்குக்கு எட்டாமல் ஓரத்தில் மாட்டி, பழுப்புக் காகிதப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடுங்கள், அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். பையின் பக்கவாட்டில் நாலைந்து ஓட்டை போட்டால் காற்று உள்ளே சுழலும். ஃபேன் நேராகக் கட்டின் மேல் அடிக்க வேண்டாம், பக்கத்தில் காற்று நகர்ந்தால் போதும். அந்த நாட்களில் தெளிப்பு எதுவும் கூடாது. தண்ணீர் ஊற்றுவதை விளக்கு எரியத் தொடங்கும் நேரத்துக்கு மாற்றுங்கள், ராத்திரிக்கு மண் ஓரளவு வறண்டிருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனை ராத்திரியில் நிறுத்தாதீர்கள். மின்சாரம் மிச்சம் என்று பலர் செய்வது இதுதான், மிகவும் தேவைப்படும் நேரத்தில் அணைத்துவிடுகிறார்கள்.

நான்கைந்து நாளில் இலை சரசரக்கத் தொடங்கும். அப்போது காம்பிலிருந்து உருவி, தட்டில் பரப்பி, டிஹைட்ரேட்டரில் 35 டிகிரியில் ஓரிரு மணி நேரம். டிஹைட்ரேட்டர் இல்லையென்றால் ஏசி அறையில் ஒரு ராத்திரி. உருவும்போது இலையை நொறுக்காதீர்கள். முழு இலையாக டப்பாவில் இருக்கும்வரைதான் அந்த எண்ணெய்ப் பைகளும் முழுதாக இருக்கும்.

அடுத்த முறைக்கு ஒரு யோசனை. கூடாரத்தில் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அறுப்புக்கு வரும்படி நட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. எல்லாவற்றையும் அறுத்து, தொட்டிகளை வெளியே எடுத்து, விளக்கை அணைத்துவிட்டால் அதே கூடாரம் அருமையான உலர்அறை ஆகிவிடும்: இருட்டு, ஃபேன், தொங்கவிடக் கம்பி, ஈரம் விடும் செடி எதுவும் இல்லை. ஆனால் தினமும் சட்னிக்கு நாலு கொத்து கிள்ளுகிற வீட்டில் இது நடக்கிற காரியமா என்பது வேறு விஷயம்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்?

இலை நொறுங்குகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். மெல்லிய இலை முதலில் காயும், தடித்த காம்புக்குள் ஈரம் ஒளிந்திருக்கும். டப்பாவில் மூடியதும் அந்த ஈரம் காம்பிலிருந்து இலைக்குப் பரவும், மறுநாள் திறந்தால் நொறுங்கிய இலை துவண்டு கிடக்கும். காம்பை வளைத்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் இருக்கிறது, டக்கென்று முறிந்தால் முடிந்தது.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று போதும். கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு இலையை நிரப்பி, மீட்டரை உள்ளேயே போட்டு இறுக மூடி ஒரு நாள் வையுங்கள். ஜாடிக்குள் இருக்கும் கொஞ்சக் காற்று இலையோடு சமநிலைக்கு வந்துவிடும். இவ்வளவு நேரம் காற்று இலையைத் தீர்மானிக்கிறது என்று பார்த்தோம், இங்கே அதே விதி திரும்பிப் போகிறது: காற்றின் எண்ணைப் பார்த்து இலையின் ஈரத்தைத் தெரிந்துகொள்கிறோம். 55-க்குக் கீழே காட்டினால் மீட்டரை எடுத்துவிட்டு மூடி, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்துவிடலாம். 55-க்கும் 60-க்கும் நடுவில் என்றால் சீக்கிரம் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். 60-ஐத் தாண்டினால் மூடியைத் திறந்து சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி சோதியுங்கள். 65-க்கு மேல் என்றால் ஜாடியில் இருக்க வேண்டிய இலையே அது இல்லை, கொட்டித் தட்டில் பரப்புங்கள்.

மலிவு மீட்டர்கள் ஐந்தாறு புள்ளி தப்பாகக் காட்டுவது சகஜம், 60-ஐ எல்லையாக வைத்துக்கொண்டு விளையாடும்போது அது பெரிய தப்பு. அதனால் வாங்கியவுடன் சமையல் உப்பை வைத்து ஒரு சோதனை செய்துவிடுங்கள். பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்கு வரும்படி சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவருக்குள் போட்டு மூடி, ராத்திரி முழுக்க அறை வெப்பத்தில் வைத்துவிடுங்கள். ஈர உப்பின் மேல் உள்ள காற்று 75 சதவீதத்தில் நிற்கும். காலையில் மீட்டர் 79 காட்டினால் இனிமேல் எந்த எண்ணைப் பார்த்தாலும் 4 கழித்துக்கொள்ளுங்கள், 72 காட்டினால் 3 கூட்டிக்கொள்ளுங்கள். அந்த எண்ணை மீட்டரின் முதுகில் மார்க்கர் பேனாவால் எழுதி வைப்பது நல்லது, ஆறு மாதம் கழித்துக் கூட்டலா கழித்தலா என்று யாருக்கும் நினைவிருக்காது.